கேட்டதற்கு மட்டும் பதில்

ஜார்க்கண்ட்,
14.5.2023

கர்த்தருக்குள் அன்பான தம்பி தேவசிகாமணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் பிரிஸில்லாவும் பிள்ளை டார்லினும் சுகமாயிருக்கத் தினமும் உங்கள் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இங்கே வெயில் தாங்கவில்லை. என் வார்டில் மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது. இன்னும் பதினைந்து மாதம் ஓட்டிவிட்டால் ஓய்வு. நர்சாக இந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு முப்பத்தொரு வருஷம் கொடுத்தாயிற்று, போதும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன்னோடு போனில் பேசியதிலிருந்து எனக்குக் கை வேலை ஓடவில்லை. தொடங்கும்போது நன்றாகத்தான் பேசினாய். டார்லினின் கல்லூரியைப் பற்றிச் சொல்லச் சொல்ல நாக்கு குழறியது. பிறகு மூக்கால் பேசினாய். "என்னலே ஆச்சு" என்று கேட்டதும் வைத்துவிட்டாய்.

அந்தக் குரலை நான் அறிவேன். நம் அப்பா சபையில் உபதேசியார் வேலை முடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது பேசிய குரல் அது. அவர் உறங்கும்வரை உன்னை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பேன். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ.

நேராகவே கேட்கிறேன். எப்போது தொடங்கினாய்? பிரிஸில்லாவுக்குத் தெரியுமா? மறைக்காமல் எழுது.

உனக்காக முழங்காலில் நிற்கும் அக்கா,
ஜெபராணி

*

பாளையங்கோட்டை,
29.5.2023

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே பிரிஸில்லாவும் டார்லினும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் குடிக்கவில்லை அக்கா. ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் உன்னிடம் எழுதித் தருகிறேன்.

பிப்ரவரியில் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் இடது இமை தானாக இறங்கும். கொஞ்ச நேரம் பேசினால் நாக்கு கனத்துப் போகும். சாப்பிடும்போது முதல் இரண்டு இட்லி இறங்கிவிடுகிறது, மூன்றாவதை மெல்லத் தாடையில் பலம் இல்லை. படுத்து எழுந்தால் காலையில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பெரிய வெள்ளி ஆராதனையில் கடைசி வேதபாடம் என்னுடையது. மணி மூன்றை நெருங்கிவிட்டது. நான்கு வசனம் ஒழுங்காக வந்தது. ஐந்தாவதில் வார்த்தை எல்லாம் ஒன்றாய்க் குழைந்தது. முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அடுத்த வாரம் சபைப் போதகரான ஐயர் கூப்பிட்டனுப்பி, கொஞ்ச நாள் வாசிக்க வேண்டாம் என்று சபைக் கமிட்டி சொல்வதாகச் சொன்னார். பள்ளிக்கூட அலுவலகத்திலும் பேச்சு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக நான் எழுத்தராக இருக்கும் இடம்.

டாக்டரிடம் போனேன். அவர் முதலில் செய்தது என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்ததுதான்.

இனிமேல் போன் வேண்டாம். கடிதத்தில் என் நாக்கு குழறாது.

உன் தம்பி,
தேவசிகாமணி

*

ஜார்க்கண்ட்,
10.6.2023

அன்பான தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. கடிதம் கிடைத்தது. உன் சொல்லை நம்புகிறேன். நான் கேட்ட விதத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பெரிய நரம்பு டாக்டர் ஒருவரைப் பார். பார்ப்பதற்கு முன் நான் சொல்வதைக் கேள். எத்தனையோ டாக்டர்களுக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தானாகப் பேசிக்கொண்டே போகிற நோயாளியை அவர்களுக்குப் பிடிக்காது. எங்கேயோ வாசித்த நோயின் பேரை அவர்கள் முன்னால் எடுத்தால் அத்தோடு முடிந்தது. பிரிஸில்லாவைக் குறுக்கே பேச விடாதே. அவர்களுக்கு வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள். டார்லினுக்கு என் முத்தம்.

அக்கா,
ஜெபராணி

*

பாளையங்கோட்டை,
8.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் இருக்கிறோம்.

நீ சொன்னபடியே செய்தேன். சட்டை தேய்த்துப் போட்டேன். காலை பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் என்னைப் பார்த்தால் ஆற்றை நீந்திக் கடப்பவன் போலத் தெம்பாக இருப்பேன். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கையைத் தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். மூளை ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அருமையாக இருக்கிறது என்றார்.

நான்கு கேள்வி கேட்டார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, உறக்கம் வருமா, குடிப்பீர்களா. இல்லை என்றேன். வீட்டில் யாராவது குடித்தார்களா என்று கேட்டார். அப்பா குடிப்பார் என்று உண்மையைச் சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டார். மனநல டாக்டருக்கு ஒரு சீட்டுத் தந்தார். அவர் உறக்கத்துக்கும் மனசுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் தலை தூக்க முடியவில்லை.

சாயங்காலம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை அக்கா. பிரிஸில்லா வாயைத் திறந்தாள். நான்தான் அவள் காலை மிதித்து அடக்கினேன். வெளியே வந்ததும், "ஊமை மாதிரி உக்காந்திருக்கவா என்னைக் கூட்டிட்டு வந்தீய?" என்று கேட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் வார்டில், கேட்காத ஒன்றைச் சொல்ல ஒருவர் வாயைத் திறந்தால் நீ கேட்பாயா?

தம்பி,
தேவசிகாமணி

*

ஜார்க்கண்ட்,
20.8.2023

அன்பான தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. மழைக்காலத்துக் காய்ச்சலில் வார்டு நிறைந்து, தரையிலும் பாய் போட்டிருக்கிறோம்.

நான் முன்பு சொன்னதை விட்டுவிடு. இப்போது இப்படிச் செய். ஒரு வாரம் காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் ஒன்றிலிருந்து சத்தமாக எண்ணு. எந்த எண்ணில் குரல் மாறுகிறது என்று டார்லினை எழுதச் சொல். மூன்று வேளையும் உன் முகத்தைப் படம் எடுக்கச் சொல். எல்லாவற்றையும் ஒரே தாளில் டாக்டரிடம் கொண்டுபோ. ஒரு தாளுக்கு மேல் போனால் யாரும் வாசிக்கமாட்டார்கள். சாயங்காலம் பார்க்கிற டாக்டராகத் தேடு.

மாத்திரை தலையைத் தூக்கவிடாமல் செய்தால் அதையும் அந்தத் தாளில் எழுது.

டார்லின் பரீட்சை எழுதிவிட்டாளா? எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா,
ஜெபராணி

*

பாளையங்கோட்டை,
24.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.

மேலப்பாளையத்தில் மைதீன் பாத்திமா என்று ஒரு டாக்டர். சின்ன வயதுதான். தாளைக் கொடுத்தோம். காலையில் எண்பது வரை, மதியம் ஐம்பது, சாயங்காலம் இருபத்திரண்டு என்று டார்லின் எழுதியிருந்தாள். டாக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்" என்றார். அக்கா, எனக்குப் பேச்சு வரவில்லை. நாக்கு காரணமில்லை. அழுதுவிட்டேன்.

மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் இமை இறங்கிவிட்டது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இமைமேல் வைத்தார். எடுத்ததும் கண் திறந்தது. பிரிஸில்லா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்று பேர். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் பாதியில் நின்றுவிடுகிற நோயாம். லட்சத்தில் சிலருக்குத்தான் வருமாம். மனசுக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது நான்கு வேளை மாத்திரை. போன வாரம் பரோட்டா தின்றேன்.

இந்த நோய்க்காரனுக்குச் சில மருந்துகள் ஆகாதாம், மூச்சையே நிறுத்திவிடுமாம். அந்தப் பேர்களை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

ஐயரிடம் தாளைக் காட்டினேன். தேவனுக்கு மகிமை என்றார். கமிட்டியில் வைக்கிறேன் என்றும் சொன்னார்.

ஜூலையில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வேலை அதிகமாயிருக்கும்.

தம்பி,
தேவசிகாமணி

*

ஜார்க்கண்ட்,
8.10.2023

அன்பான தம்பிக்கு,

உன் கடிதத்தை நர்சுகளின் ஜெபக் கூட்டத்தில் வாசித்துச் சாட்சி சொன்னேன். எனக்கு இங்கே முழங்கால் தவிர வேறு குறை இல்லை.

இனிமேல்தான் கவனம். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக்கொள். நான்கு பிரதி எடுத்து, ஒன்று உன் சட்டைப் பையில், ஒன்று பிரிஸில்லா கைப்பையில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் இருக்கிற டாக்டர் இந்த நோயைப் படித்திருப்பார், பார்த்திருக்கமாட்டார். மேலே நோயின் பேர் பெரிதாக இருக்கட்டும். அதன் கீழே, இந்த மருந்துகள் கொடுத்தால் மூச்சு நிற்கும் என்று ஒரே வரி. பிறகு மைதீன் பாத்திமா டாக்டரின் போன் நம்பர்.

பிரிஸில்லாவிடம் சொல்: கோபப்படக் கூடாது, அழவும் கூடாது. அழுதால் வெளியே அனுப்பிவிடுவார்கள். டாக்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுத்து, அவர் வாசிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

அக்கா,
ஜெபராணி

*

மதுரை,
9.1.2024

அன்புள்ள மைனிக்கு,

பிரிஸில்லா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார்கள். டார்லின் போனில் சொன்னது உங்களுக்குப் பாதிதான் கேட்டதாம். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

டிசம்பர் பதினேழு, பதினெட்டில் ஆறு ஊருக்குள் வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் ஈரத்தில் கிடந்ததில் உங்கள் தம்பிக்குக் காய்ச்சலும் சளியும். படகில் வந்தவர்கள் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்கள். நடைபாதை எல்லாம் ஆட்கள். போன் எதுவும் வேலை செய்யவில்லை. மைதீன் பாத்திமா டாக்டரைப் பிடிக்க முடியவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன் மைனி. அழவில்லை. டாக்டர் என்று கூப்பிட்டு, தாளைக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு நாளாக உறக்கமில்லை போல, கண் சிவந்திருந்தது. மேல் வரியைப் பார்த்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இந்த மருந்து போடாவிட்டால் ஆள் தாங்காது என்றார். தாளில் அந்த மருந்துக்குக் கீழேதான் கோடு போட்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்சிடம் கெஞ்சினேன். அவள் தாளை வாங்கி, தள்ளுவண்டியில் பஞ்சு டப்பாவுக்கு அடியில் சொருகினாள். "டாக்டருக்குத் தெரியாதாம்மா? வெளிய நில்லுங்க" என்றாள். நான் நகரவில்லை. வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்து வெளியே விட்டான்.

உங்கள் தம்பிக்கு நினைவு இருந்தது. ஊசியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். பேச நாக்கு வரவில்லை. கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. குழாய் போட்டார்கள். மறுநாள் மைதீன் பாத்திமா டாக்டர் தண்ணீரில் நடந்து தேடி வந்து, சண்டை போட்டு, மதுரைக்கு அனுப்பி வைத்தார். பத்தொன்பது நாளாகிவிட்டது. நேற்றுத்தான் குழாயை எடுத்தார்கள்.

ஊசிதான் காரணம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்களாம். காய்ச்சலாலும் இப்படி ஆகலாமாம். இருக்கலாம். எனக்கு அந்த நர்சின் முகம்தான் கண்ணை விட்டுப் போகவில்லை.

பிரிஸில்லா

*

பாளையங்கோட்டை,
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். எடை பதினொரு கிலோ குறைந்துவிட்டது. குழாய் கிடந்த தொண்டையில் குரல் கரகரவென்றுதான் வருகிறது. குருத்தோலை ஞாயிறுக்கு நான் வாசிக்கலாம் என்று கமிட்டி இப்போது சொல்லியிருக்கிறது. எந்தக் குரலை வைத்து வாசிப்பது?

முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். "நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்" என்று எழுதியிருக்கிறது. எங்கள் பையில் கிடந்த அந்த நரம்பு டாக்டரின் பழைய சீட்டைப் பார்த்து எழுதினார்களாம். திருத்தித் தரும்படி மனு எழுதிக்கொண்டு மூன்று தரம் போனேன். எழுதினது எழுதினதுதான் என்கிறார்கள். "அதான் உயிர் பொழைச்சிட்டீயள்லா" என்றார் பதிவறையில் இருந்தவர்.

மூன்றாம் தரம் போனபோது அந்த நர்சைப் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தாடையைத் துடைத்துவிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாயிருக்கும் அக்கா. திட்டிவிட்டு வந்திருப்பேன். அவளைப் பார்க்க உன்னைப் போல இருந்தது.

அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன். ஜூலையில் கேட்டேன், நீ தாளையும் படத்தையும் பற்றி எழுதினாய். யாராவது உன்னிடம் அப்படிச் சொல்ல வந்தார்களா?

தேவசிகாமணி

*

ஜார்க்கண்ட்,
21.4.2024

தம்பிக்கு,

நான் சுகமாயிருக்கிறேன் என்று எழுத இன்று மனம் வரவில்லை. ஆறு வாரமாக இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள்.

2009, நவம்பர். ஒரு சந்தால் பழங்குடிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். புருஷனுக்குக் காலில் புண் அழுகிக் காய்ச்சல். டாக்டர் பென்சிலின் எழுதினார். நான் ஊசியில் மருந்தை ஏற்றும்போது அவள் என் புடவையைப் பிடித்தாள். போன வருஷம் சந்தையில் ஒருவன் போட்ட ஊசியில் இவர் உடம்பெல்லாம் வீங்கி மூச்சு முட்டியது, அந்த மருந்தும் இப்படி வெள்ளைப் பொடிதான், அது வேண்டாம் என்றாள். முதலில் தோலில் கொஞ்சம் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். அன்று வார்டில் ஐம்பது பேர். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. "வெளியே நில்" என்று அவள் கையைத் தட்டிவிட்டு, ஊசியைப் போட்டேன்.

பத்து நிமிஷம்கூட அவன் இருக்கவில்லை.

நோய் முற்றி இறந்ததாக டாக்டர் எழுதினார். அவர் சொல்ல, "உறவினர் ஒத்துழைக்கவில்லை" என்ற வரியை நான்தான் எழுதினேன். டாக்டர் இப்போது உயிரோடு இல்லை. உன்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே அவள் நினைவு வந்தது. அப்போதும் உனக்கு நான் சொன்ன புத்தி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்பது.

என்னை மன்னித்துவிடு. பிரிஸில்லாவும் மன்னிக்கட்டும்.

ஜெபராணி

*

பாளையங்கோட்டை,
30.6.2024

அக்காவுக்கு,

நலமாயிருக்க வேண்டுகிறேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பிரிஸில்லாவிடம் காட்டவில்லை. அந்த நர்சைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் இன்னும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். இதை அவளால் தாங்க முடியாது.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். நான் பிழைத்து உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறவன். அதைக் கொடுக்க நான் யார்? சின்ன வயதில் எனக்கு முன்னால் நின்றவள் நீ. அதற்காக இதை நான் லேசாக்கிச் சொல்ல முடியாது. அந்தப் பெண் இருக்கிறாளா என்று பார். இருந்தால் அவளிடம் போ. ஊருக்கு வருவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

தேவசிகாமணி

*

ஜார்க்கண்ட்,
18.8.2024

அன்பான தம்பிக்கு,

நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி எனக்குப் பிரிவு உபசாரம். பொன்னாடை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பழைய பதிவேடுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. 2009 இருந்தது. அவள் பேர் ஃபூல்மணி. ஊர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். போன சனிக்கிழமை ஜீப்பில் போய், பிறகு வயல் வழியே நடந்தேன்.

வாசலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரி சிஸ்டர் என்று உடனே தெரிந்துகொண்டாள். கட்டிலை இழுத்துப் போட்டு, கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் கால் வீக்கத்தைப் பார்த்து, இவ்வளவு தூரம் ஏன் நடந்தீர்கள் என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாஷையிலேயே சொன்னேன். ஊசி, சோதித்துப் பார்க்காதது, நான் எழுதிய வரி. அவள் உதிர்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அமைதியாகத்தான் பேசினாள்.

"நீங்கள் தூரதேசத்துக்காரி, எங்கள் பேச்சு தெரியாமல்தான் ஊசி போட்டுவிட்டீர்கள் என்று இருந்தேன். உங்கள் பேரில் எனக்குக் கோபமே இல்லை. இந்தியில் சொல்லத் தெரியாமல் போனேனே என்றுதான் இத்தனை வருஷமும் என்னையே திட்டிக்கொண்டேன். என் பிள்ளையை அதற்காகவே இந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அன்றைக்கு நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?"

அப்போது நான் இங்கே வந்து பதினேழு வருஷம் தம்பி. அவர்கள் பாஷையில் பாட்டுக்கூடப் பாடுவேன்.

புரிந்தது என்றேன்.

சோளத்தை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெபராணி